விதி என்று சொல்லும் உரிமை

பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோனால் நம் வீடுகளில் சொல்வது ஒன்றுதான்: அவ தலையில எழுதினது அவ்வளவுதான். பாட்டி சொல்வாள், எதிர்வீட்டுக்காரர் சொல்வார், சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்காரும் ஆண்கள் சொல்வார்கள். அதையே சற்று நாகரிகமாக மருத்துவமனையும் சொல்லும்: எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம், இனி கடவுள் கையில. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. முதலாவது ஆறுதல்; அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இரண்டாவது, தனக்குத் தானே வழங்கிக்கொள்ளும் மன்னிப்பு. அந்த மன்னிப்புக்கு ஒரு தகுதி வேண்டும் என்பது என் கட்சி. ரத்தம் கொட்டிய அரைமணி நேரத்தில் எவ்வளவு பதறினோம், எவ்வளவு ஓடினோம் என்பதைக் காட்டி அதைப் பெற முடியாது. பல வாரங்களுக்கு முன், ஒன்றுமே நடக்காத ஒரு மத்தியானத்தில், அந்த லேபர் ரூமில் வேலை செய்யும் டாக்டரும் நர்ஸும் ஆயாவும் ஒன்றுகூடி இதே ஆபத்தை ஒத்திகை பார்த்தார்களா என்பதை வைத்துத்தான் அது முடிவாகிறது.

சென்னையின் மேற்குப் புறநகர் இந்தக் கேள்வியைக் கேட்கத் தோதான இடம். அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் 1960களில் வந்தவை. பிழைக்க வந்து குடியேறியவர்களின் ஊர்கள் இவை. பெற்றவள் தென் மாவட்டத்திலோ ஒடிசாவிலோ பிகாரிலோ இருக்க, தலைப்பிரசவத்துக்கும் இங்கேயே தங்கிவிடும் பெண்கள் இங்கே உண்டு. இதே வட்டாரத்தில்தான் திருவேற்காட்டுக் கருமாரி இருக்கிறாள், மாங்காட்டுக் காமாட்சி இருக்கிறாள், திருமுல்லைவாயிலில் கொடியிடை நாயகி இருக்கிறாள். ஆடிப்பூரத்தன்று அம்மனுக்கே வளைகாப்பு நடக்கும். அந்த வளையலைக் கேட்டு வாங்கிக் கர்ப்பிணிகள் போட்டுக்கொள்வார்கள். பிரசவத்துக்குக் கட்டிவைத்த பையில் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் விளக்கெண்ணெய் இருக்கும். இன்னொரு பக்கம், இந்த வட்டாரத்துத் தொழிற்சாலை ஊழியர்களுக்கு ‘மாக் டிரில்’ புதிய சங்கதியல்ல. சங்கு ஊதினால் எந்த வாசல் வழியாக வெளியேறுவது, எங்கே கூடுவது, தலையெண்ணுவது யார் என்றெல்லாம் பழக்கிவைத்திருப்பார்கள். எந்தத் தொழிலாளியும், நெருப்பு வருவது விதி, ஒத்திகை எதற்கு என்று கேட்டதில்லை. அதே தொழிலாளியின் மனைவி பிரசவத்துக்குப் போகும் இடத்தில் மட்டும் ஒத்திகை இல்லாமலிருப்பது யாருக்கும் உறுத்துவதில்லை. வீட்டிலேயே பெற்றுக்கொண்ட காலத்தில் பழி மருத்துவச்சிக்கும் வீட்டாருக்கும் பங்காகப் போயிற்று. இன்று தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. வீட்டில் பெறாதே, எங்களிடம் வா என்று சொல்லி அழைத்தவர்கள், அழைத்தபோதே ஒரு வாக்கையும் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வாக்கு எவ்வளவு கடினமானது என்பதற்கு உடலின் கணக்கைப் பார்த்தால் போதும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போய்வருகிறது. குழந்தை பிறந்து நஞ்சு பிரிந்ததும் கர்ப்பப்பைத் தசை இறுகி, திறந்துகிடக்கும் குழாய்களை நெரித்து மூட வேண்டும். இறுகாமல் தளர்ந்துபோனால் மணிக்கணக்கில் யோசிக்க நேரமில்லை, நிமிடக் கணக்குத்தான். அப்போது செய்ய வேண்டியவை ஒன்றும் ரகசியமில்லை. வயிற்றின் மேல் கை வைத்துக் கர்ப்பப்பையைத் தேய்த்து இறுக வைப்பது, ஆக்ஸிடோசின், ட்ரானெக்ஸாமிக் ஆசிட், ட்ரிப்ஸ், கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, நிற்காவிட்டால் மேலே தகவல் சொல்லி ரத்தத்துக்கும் ஓ.டி.க்கும் ஏற்பாடு செய்வது. நர்சிங் முதலாண்டு மாணவிகூட இந்தப் பட்டியலை ஒப்பிப்பாள். ஒத்திகையில் வெளிப்படுவது வேறு. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தன் வயிற்றில் ரப்பர் கர்ப்பப்பையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் படுக்கிறாள். அதிலிருந்து சிவப்புத் தண்ணீர் வடிகிறது. டியூட்டி டாக்டர், யாராவது பிளட் பேங்குக்குப் போன் பண்ணுங்க என்கிறார். நான்கு பேர் இருக்கிறார்கள். ஒருவரும் போன் செய்யவில்லை, ‘யாராவது’ என்று யாருக்கும் பெயரில்லையே. ஆக்ஸிடோசின் குளிர்பெட்டியில் இருக்கிறது, பெட்டிச் சாவி பொறுப்பு சிஸ்டரிடம், அவர் ஷிப்ட் முடிந்து போய்விட்டார். ஊசி போட்டாயிற்றா என்று இரண்டு முறை கேட்கப்படுகிறது, ஒரு முறையும் பதில் இல்லை. எத்தனை மணிக்கு எது நடந்தது என்று எழுத ஒருவர்கூட இல்லை. யாரும் சோம்பேறியில்லை, யாரும் அறிவிலியுமில்லை. ஆனாலும் அன்று அது நிஜமாக இருந்திருந்தால் அவள் போயிருப்பாள்.

இங்கேதான் தத்துவக் கேள்வி வருகிறது. அம்பத்தூரில் ஒரு நர்சிங் ஹோம், ஆவடியில் ஒரு நர்சிங் ஹோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் சாவி தொலைவில்தான் இருக்கிறது, இரண்டிலும் ஒத்திகை கிடையாது. அம்பத்தூரில் ஓர் இரவு கடும் ரத்தப்போக்கு வருகிறது, பெண் இறக்கிறாள். ஆவடியில் அந்த ஆண்டு அப்படி எதுவும் வரவில்லை. ஊர் முதல் இடத்தில் கண்ணாடியை உடைக்கும், இரண்டாவது இடத்தைக் கைராசியான ஆஸ்பத்திரி என்று புகழும். தவறின் அளவில் இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? ஒன்றுமில்லை. தத்துவ அறிஞர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் விவாதித்த சிக்கல் இதுதான்: விளைவு நம் கையில் இல்லாதபோதும் விளைவை வைத்தே நாம் மனிதரை எடைபோடுகிறோம். அவர்கள் சிக்கலைச் சிக்கலாகவே விட்டுச்சென்றார்கள். லேபர் ரூம் அளவிலாவது அதற்கு ஒரு விடை உண்டு என்று நினைக்கிறேன். குற்றம் பிறப்பது பெண் இறக்கும் கணத்தில் அல்ல, சாவி எங்கே இருக்கிறது என்று யாரும் தேடிப்பார்க்காத நாளில்தான். அந்த நாளில் அம்பத்தூரும் ஆவடியும் சமம். விளைவு வரும் முன்பே குற்றம் இருக்கிறதென்றால், அது தீரவும் விளைவுக்கு முன்பே வழி இருக்க வேண்டும். ஒத்திகையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பலனை எண்ணாமல் கடமையைச் செய் என்ற கீதை உபதேசத்தைத் தோற்றுப்போன பிறகு சாக்காக எடுத்துப்போடுவது நம் வழக்கம். பலன் கண்ணுக்கே தெரியாத கடமை ஒன்று உண்டென்றால் அது இதுதான்: வராமலே போகக்கூடிய ஆபத்துக்காகச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரப்பர் பொம்மையோடு மல்லுக்கட்டுவது.

இதைச் சொன்னால், தெய்வத்தின் இடத்தில் பயிற்சியை வைக்கிறாயா என்று கேட்பார்கள். நம் தெய்வங்களைச் சரியாகப் படித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரிந்தது. ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பேறுகாலம், தாய் வந்துகொண்டிருக்கிறாள், காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிட்டாள். பெண் சிவனைக் கூப்பிடுகிறாள். சிவன் நினைத்திருந்தால் காவிரியை வற்றவைத்திருக்கலாம். நோவே இல்லாமல் குழந்தையைக் கையில் தந்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. தாயின் உருவெடுத்து வீட்டுக்குள் வந்து, மருத்துவச்சி செய்யும் வேலையைச் செய்து, வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வரும்வரை பக்கத்திலேயே இருந்தார். அருள் என்பது கைவேலையாக, அதுவும் வேலை தெரிந்த கையாக வந்தது என்பதல்லவா கதை? இன்றைய மகப்பேறு ஆய்வாளர்கள் தாய் இறப்புக்கான காரணங்களை மூன்று தாமதங்களாகப் பிரிக்கிறார்கள்: போகலாமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். ரத்னாவதியின் தாய் மாட்டிக்கொண்டது இரண்டாவதில். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலும் சி.டி.ஹெச். சாலையிலும் கீழ்ப்பாக்கத்துக்கோ எழும்பூருக்கோ ரெஃபர் செய்த பெண்ணை ஏற்றிக்கொண்டு, ஷிப்ட் விடும் நேரத்தில் பாடி சந்திப்பிலோ மதுரவாயலிலோ நெளியும் 108 வண்டியும் அதில்தான் மாட்டுகிறது. வெள்ளம் வடியும்வரை தாக்குப்பிடிக்க இக்கரையில் ஒரு கை வேண்டும். அந்தக் கோயிலின் ஆண்டுத் திருவிழாவில் இந்தப் பிரசவத்தையே செட்டிப்பெண் மருத்துவம் என்று நடித்துக் காட்டுகிறார்கள். பிரசவ ஒத்திகை நமக்குப் புதிதல்ல என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம், கோயிலில் முடிவு சுபமென்று முன்பே தெரியும். லேபர் ரூம் ஒத்திகையோ தோற்றுப்போக இடம் கொடுத்தால்தான் ஒத்திகை.

விதியைப் பிடித்துக்கொண்டு வாதிடுபவர்களுக்குக் குறள் கைகொடுக்கும் என்று தோன்றலாம். ஊழ் என்ற அதிகாரம் அறத்துப்பாலின் கடைசியில் இருக்கிறது; ஊழைவிட வலியது எதுவுமில்லை என்பதே அதன் முடிவு. ஆனால் பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரம் வருகிறது. தளராமல் முயல்பவன் அந்த ஊழையே தோற்கடிப்பான் என்று அதே ஆசிரியர் அங்கே சொல்கிறார். உரையாசிரியர்கள் இந்த முரணைப் பலவாறு சமாதானப்படுத்தியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது எளியது: இரண்டும் இரு வேறு ஆட்களுக்குச் சொன்னவை. இழந்தவனுக்கு முதலாவது, ஆட்சியும் பொறுப்பும் கையில் உள்ளவனுக்கு இரண்டாவது. இதற்கு எண்களும் சாட்சி. 2001-03இல் இந்தியாவில் ஒரு லட்சம் உயிருடன் பிறந்த குழந்தைகளுக்கு 301 தாய்மார்கள் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 134. 2018-20இல் அவை 97, 54 என்று இறங்கின, கேரளத்தில் 19. தலையெழுத்து இருபது ஆண்டுக்குள் இப்படி மாறுமா? வாளையாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் பிரமன் வேறு பேனாவை எடுப்பானா? இதெல்லாம் பயிற்சியால் மட்டும் வந்த இறக்கமல்ல. 108 வந்தது, அவசர மகப்பேற்றுச் சிகிச்சை தரும் சீமாங்க் மையங்கள் வந்தன, ரத்த வங்கிகள் பெருகின, பெண்கள் படித்தார்கள். ஆனால் இவை எல்லாமே மனிதர் முன்கூட்டி நினைத்துச் செய்தவை. நம்பிக்கையாளர் விடாமல், அப்படிச் செய்யவேண்டும் என்பதும் விதிதான் என்பார். சரி, அப்படியே இருக்கட்டும். அப்போது ஒத்திகையும் விதியின் வேலையாகிவிடுகிறது, அதைத் தவிர்க்க விதியைத் துணைக்கழைக்க முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்ற நபிமொழியும் வந்து நிற்கும் இடம் இதுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு அறிவியல் பக்கத்திலிருந்து வருகிறது, அதை மழுப்பக் கூடாது. பயிற்சி கொடுத்தால் உயிர் பிழைக்கிறதா? உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பின்தொடர்ந்த பெட்டர்பர்த் ஆய்வு 2017இல் வெளியானது. சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்து, கூடவே ஆள் வைத்துப் பழக்கினார்கள். செவிலியர்களின் பழக்கம் திருந்தியது. தாய், சேய் இறப்பு குறையவில்லை. நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் குழுக்களைப் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் பழக்கினார்கள். தோள் சிக்கிய பிரசவங்களில் காயம் குறைந்ததே தவிர, மொத்தச் சிக்கல்கள் குறையவில்லை. ஸ்காட்லாந்தில் 12 மருத்துவமனைகளில் செய்தபோதும் குழந்தைகளின் நிலையில் மாற்றம் காணவில்லை. மறுபக்கம், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சவுத்மீட் மருத்துவமனை 2000ஆம் ஆண்டு முதல் தன் எல்லாப் பணியாளர்களையும் தன் சொந்த வார்டிலேயே ஆண்டுதோறும் பழக்கியது. ஆக்ஸிஜன் குறைவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை பத்தாயிரத்துக்கு 27 என்பதிலிருந்து 14க்கு இறங்கியது. தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 ஆனது. 2023இல் வெளிவந்த ஈ-மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்காவில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நடந்தது. கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் மரணம் மூன்றும் சேர்ந்து 4.3 சதவீதமாக இருந்த இடத்தில் 1.6 ஆயிற்று.

ஒரே மருந்து ஓரிடத்தில் கேட்கிறது, ஓரிடத்தில் கேட்கவில்லை என்றால், அது ஒரே மருந்துதானா என்று பார்க்க வேண்டும். ஈ-மோட்டிவில் பயிற்சி தனியாக வரவில்லை. பெண்ணின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. வழியும் ரத்தம் அதில் விழும், எவ்வளவு என்று கோடு சொல்லும். இந்த வகை விரிப்பை இந்தியர்கள் மறந்துவிடக் கூடாது. கர்நாடகத்தின் பெல்காமில் 2000களில் நடந்த ஆய்வுகளில் அப்படியொன்றைப் பயன்படுத்தினார்கள். கண்ணால் மதிப்பிட்ட ரத்தம், விரிப்பு காட்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. கண் பொய் சொல்லும், அதிலும் அனுபவசாலியின் கண் நம்பிக்கையோடு பொய் சொல்லும். ஈ-மோட்டிவில் மருந்துகள் ஒரே ட்ரேயில் வந்தன, ஐந்து வேலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒருசேர நடந்தன, ஒவ்வொரு மருத்துவமனையிலும் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார். ரத்தப்போக்கைக் கண்டுபிடித்த விகிதம் 51லிருந்து 93 சதவீதமாக உயர்ந்தது. மருந்துப் பெட்டியின் சாவியை மாற்றாத பயிற்சி பிரசங்கத்தோடு நின்றுவிடும்; கேட்டவர் உருகிப்போய் வீடு திரும்புவார், வீடு அப்படியே இருக்கும். ஆகவே என் வாதம் சற்றுக் குறுகுகிறது, அதில் எனக்கு வருத்தமில்லை. வெளியூர் ஓட்டலில் இரண்டு நாள் பயிலரங்கு, சான்றிதழ், குரூப் போட்டோ — இதைச் செய்துவிட்டு எந்த ஆஸ்பத்திரியும் விதி என்று சொல்லும் தகுதியைக் கோர முடியாது. தன் அறையில், தன் ஆட்களோடு, தன் ட்ரேயை வைத்துச் செய்து, கண்ட ஓட்டையை அடைத்ததுதான் கணக்கு. மத்திய அரசின் தக்‌ஷதா திட்டம் 2015இலும் லக்‌ஷ்யா 2017 இறுதியிலும் வந்தன. லேபர் ரூம்களைத் தரம் பார்த்துச் சான்று தருகிறது லக்‌ஷ்யா. சான்று சுவரில் மாட்டிய பிறகு ஒத்திகை தொடர்கிறதா என்பது அந்தந்த இடத்தின் மனசாட்சிக்கு விட்ட விஷயமாகவே இருக்கிறது.

மனசாட்சி என்றதும் செவிலியர்கள் கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆளில்லை, ராத்திரி ஷிப்டில் இரண்டு பேர் ஆறு கட்டிலைப் பார்க்கிறோம், இதில் ஒத்திகையை தர்மம் என்று சொல்லி எங்கள் தலையில் இன்னொரு பாவத்தையும் ஏற்றுகிறாயா? இந்தக் கட்டுரைக்கு எதிரான மிகச் சரியான கேள்வி இதுதான். நிறுவனம் செய்யாததைத் தனிமனித ஒழுக்கமாக மாற்றிவிடுவது நம் நாட்டில் பழகிப்போன தந்திரம். தமிழ்நாட்டில் 1994இலேயே தாய் இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார்கள். இந்தியாவுக்கு முன்னோடியான நல்ல ஏற்பாடு. பிற்பாடு அந்தத் தணிக்கைக் கூட்டங்களில் தங்களைக் கூண்டில் ஏற்றுவதாக அரசு மருத்துவர்கள் முறையிடும் நிலைக்கும் வந்தது. செத்த பிறகு நடக்கும் விசாரணை எவ்வளவு நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும் பழியைத் தேடித்தான் போகும். ஒத்திகையில் யாரும் சாகவில்லை. அதனால் அங்கே உண்மை பேச முடியும். ஆறு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்பதை, சூப்பரின்டென்டென்ட் பக்கத்தில் நின்று பார்க்க, கடிகாரத்தோடு நிரூபிக்கும் ஒரே இடம் அதுதான். எத்தனை மனுக் கொடுத்தாலும் நகராத கோப்பு, பொம்மையிலிருந்து இரண்டு லிட்டர் சிவப்புத் தண்ணீர் தரையில் ஓடியதைக் கண்ட பிறகு நகரக்கூடும். மருந்து என்ற அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைச் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் நின்று பணிசெய்பவர். நாம் இரண்டாவதை மட்டும் கும்பிட்டுவிட்டு நான்காவதை மறந்துவிட்டோம். பெரிய டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி என்று தேடிப்போகிறோம். அந்தப் பெரிய டாக்டர் வீட்டிலிருந்து வந்துசேரும்வரை கர்ப்பப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கப்போவது யார் என்று கேட்பதில்லை. கடமை என்று நான் சொல்வது முதலில் நிர்வாகத்துக்கு, பிறகு அரசுக்கு. ஷிப்டில் நிற்பவர்களுக்கு அது உரிமை.

இயந்திரம்போல் பழகினால் இரக்கம் போய்விடும் என்று ஒரு கட்சி உண்டு. விரிவாகப் பேச வேண்டிய அளவுக்கு அதில் சரக்கில்லை. ஆனால் பூவிருந்தவல்லி அடங்கிய இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதும்போது திருக்கச்சிநம்பியைச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஊரில் பிறந்தவர். நந்தவனம் வைத்துப் பூக்கட்டிக் காஞ்சி வரதனுக்குக் கொண்டுபோனவர். அங்கே அவருக்கு வாய்த்த பணி ஆலவட்டம் வீசுவது. நாள்தோறும் அதே கை, அதே விசிறி, அதே அசைவு. வைணவ மரபு அவரைப் பெருமாளோடு நேரில் பேசியவராகவே கொண்டாடுகிறது. ராமானுஜருக்கு வரதனின் ஆறு வார்த்தைகளைக் கேட்டுச் சொன்னவரும் அவர்தான். திரும்பத் திரும்பச் செய்ததில் அவர் பக்தி மரத்துப்போயிருந்தால் அந்த உரையாடல் எங்கிருந்து வந்திருக்கும்? கைக்கு வேலை தெரிந்துவிட்டால்தான் முகத்தைப் பார்க்க முடிகிறது. கை தடுமாறும் டாக்டர் நோயாளியின் மேல் எரிந்துவிழுவார். நல்ல ஒத்திகைகளில், கட்டிலில் கிடக்கும் பெண்ணின் தலைமாட்டில் நின்று நடப்பதை அவளிடம் சொல்லிக்கொண்டே இருக்க ஒருவரை ஒதுக்குகிறார்கள். அது யாருடைய வேலை என்று முன்பே முடிவாகியிருந்தால்தான் நடக்கும்.

இத்தனையும் செய்தாலும் சில பெண்கள் இறப்பார்கள். பனிக்குட நீர் ரத்தத்தில் கலந்து நிமிடங்களில் இதயம் நின்றுபோவதுண்டு. சிறந்த மருத்துவமனையில் சிறந்த குழு சூழ்ந்து நிற்கும்போதே அது நடக்கும். அங்கே விதி என்ற சொல்லைத் தவிர வேறு சொல் என்னிடமும் இல்லை. பயிற்சியின் பெயரால் அந்த இடத்தையும் பிடுங்கிக்கொள்ள நினைப்பது ஆணவம். எல்லா மரணத்துக்கும் ஒரு குற்றவாளி வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசலில் கல்லெடுப்பவர்களும் அதே ஆணவத்தைத்தான் மறுபக்கத்திலிருந்து காட்டுகிறார்கள். குடும்பமோ எந்த மரணத்திலும் விதியைச் சொல்லி அழலாம், அவர்களை யாரும் கணக்குக் கேட்க முடியாது. மருத்துவமனை சொல்லும்போது மட்டும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்க வேண்டும்: கடைசி ஒத்திகை எந்தத் தேதி, பகலா இரவா, யார் யார் இருந்தார்கள், என்ன ஓட்டை தெரிந்தது, அது எப்போது அடைக்கப்பட்டது. அரசு மருத்துவமனையை இதைக் காட்டச் சொல்ல மேலே ஆட்கள் உண்டு. தெருமுனை நர்சிங் ஹோமைக் கேட்பார் குறைவு; மாதத்துக்கு இருபது, முப்பது பிரசவம் பார்க்கும் இடத்தில் கடும் ரத்தப்போக்கு அபூர்வமாகத்தான் வரும், அபூர்வமாக வருவதால்தான் கை மறந்துபோகும். அம்பத்தூரிலோ பூவிருந்தவல்லியிலோ மகளை அங்கே அழைத்துப்போகும் தகப்பன் இப்போதும் கேள்விகள் கேட்கிறார்: நார்மலா சிசேரியனா, ரூம் வாடகை எவ்வளவு, இன்ஷூரன்ஸ் உண்டா. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு இங்கே யார் இருப்பார்கள், அவர்கள் சேர்ந்து கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தார்கள் என்பதையும் அவர் கேட்கலாம். அம்மனுக்கு நேர்ந்துகொண்ட கையோடு இதைக் கேட்பதில் அபசாரம் ஒன்றுமில்லை. ஆறாம் மாதத்திலேயே கேட்டுவிட்டால், பதில் திருப்தியாக இல்லாதபோது வேறிடம் பார்க்கவும் அவகாசம் இருக்கும்.